பாங்கு சொன்ன நேரத்தில்

உயிரியல் ரெக்கார்டு நோட்டு மர்யம் வீட்டில் இருந்தது. திங்கட்கிழமை காலையில் அதை மேசைமேல் வைக்காவிட்டால் டீச்சர் வகுப்புக்கு வெளியே நிறுத்திவிடுவார். அதற்காகத்தான் பிரதீபா அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளிவாசல் தெருவுக்குப் போனாள். பிள்ளையார் ஊர்வலம் அந்தப் பக்கம் வர ஆறு மணி ஆகிவிடும் என்று அவள் அண்ணன் சொல்லியிருந்தான். மூன்று மணிக்குப் போனால் நான்கு மணிக்குள் திரும்பிவிடலாம். அம்மாவிடம் ஜெராக்ஸ் எடுக்கப் போவதாகச் சொன்னாள்.

மர்யம் வீட்டுக்குப் போகப் பொய் சொல்ல வேண்டியிருந்தது அதுதான் முதல் தடவை. சாத்தாம்பட்டினம் சின்ன ஊர். மேற்கே வயல், கிழக்கே கடல், நடுவில் கடைத்தெரு. கடைத்தெருவை ஒட்டி முஸ்லிம்கள் இருக்கும் தெருக்கள் நான்கு, கடலை ஒட்டி மீனவர் குப்பம். பிரதீபாவின் அப்பா காயாரோகணம் பைபர் போட் வைத்துத் தொழில் பார்த்தார். வலையும் கயிறும் அவர் வாங்குவது மர்யமின் வாப்பா ஷேக் பரீத் கடையில். பிடித்து வந்த மீனில் ஒரு பகுதியை அம்மா நீலாயதாட்சி கூடையில் சுமந்துகொண்டுபோய் பள்ளிவாசல் தெருவில் விற்பாள். மர்யம் வீட்டு வாசலில் கூடையை இறக்கி, மர்யமின் உம்மா அனீஸா கொடுக்கும் டீயைக் குடித்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போவாள்.

பெண்கள் இருவரும் மூன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. மர்யமுக்குப் படம் நன்றாக வரும், பிரதீபாவுக்குக் கணக்கு. தவளையின் இதயமோ இலையின் குறுக்குவெட்டோ, இரண்டு நோட்டிலும் மர்யம்தான் வரைவாள். கணக்கு வீட்டுப்பாடத்தை இரண்டு நோட்டிலும் பிரதீபா போட்டுவிடுவாள். ஒருமுறை ஹெட்மிஸ்டிரஸ் கூப்பிட்டுக் கேட்டபோது, "அவளுக்குக் கை வலிக்குதுன்னா டீச்சர்" என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒருத்தியை ஒருத்தி காட்டிச் சொல்லி மாட்டிக்கொண்டார்கள்.

அந்த வருடம் அவர்கள் பதினொன்றாம் வகுப்பு. கடைத்தெருவில் கட்டியிருந்த விநாயகர் சதுர்த்தி பேனர் ஒருநாள் காலையில் கிழிந்து கிடந்தது. மாடு இழுத்ததா, மனிதர் கிழித்ததா, யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கே டீக்கடையில் பிரதீபாவின் அண்ணன் ரஞ்சித்தும் மர்யம் காக்கா என்று கூப்பிடும் அவள் அண்ணன் ஃபஹத்தும் வாய்த்தகராறு முற்றி ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பேரும் போன வருடம்வரை ஒரே கிரிக்கெட் டீமில் ஆடியவர்கள். வாட்ஸப்பில் எந்த ஊரிலோ எந்தக் காலத்திலோ நடந்த கலவர வீடியோக்கள் வந்து கொட்டின. விழா முடியும்வரை பெண்கள் யாரும் அந்தத் தெருக்களுக்கு மீன் கொண்டுபோகக் கூடாது என்று குப்பத்துப் பஞ்சாயத்தில் சொல்லிவிட்டார்கள். கொண்டுபோயிருந்தாலும் அங்கே வாங்கியிருக்க மாட்டார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மர்யம் வீட்டுக்குப் போனபோது ரெக்கார்டு இன்னும் முடியவில்லை. இரண்டு படம் பாக்கி இருந்தது.

"இருடி, முடிச்சே தந்துடறேன். உன் கையில குடுத்தா கரப்பான்பூச்சிய யானை மாதிரி வரைஞ்சு வைப்ப" என்றாள் மர்யம்.

பிரதீபா கட்டிலில் உட்கார்ந்து பென்சிலைச் சீவிச் சீவிக் கொடுத்தாள். இரண்டாவது படம் முடிகிற நேரத்தில் மேளச் சத்தம் கேட்டது. நாலரை மணிதான் ஆகியிருந்தது. ஊர்வலத்துக்காரர்கள் போலீஸ் குறித்துக் கொடுத்த பாதையை விட்டுவிட்டு நேராகக் கடைத்தெருவுக்குள் நுழைந்துவிட்டார்கள். தெருவில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்கின. அனீஸா ஓடிவந்து வாசல் கதவைச் சாத்தி, ஜன்னலையும் அடைத்தாள். பள்ளிவாசலுக்கு முன்னால் இரண்டு பக்கமும் கூட்டம் நிற்பதாகவும் நடுவில் போலீஸ் நிற்பதாகவும் போனில் செய்தி வந்தது. ஷேக் பரீத் ஜமாத்துப் பெரியவர்களோடு அங்கேதான் இருந்தார். ஃபஹத்தை மட்டும் வெளியே வரக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவனுக்கு ஷார்ஜாவுக்கு விசா வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. மாதக் கடைசியில் பயணம்.

ஐந்து மணி, ஐந்தரை மணி. மேளம் நிற்கவில்லை. கோஷம் ஏறிக்கொண்டே போனது. பிரதீபாவுக்கு அழுகை வந்தது.

அனீஸா மகனைக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னாள். "இந்தப் புள்ள நம்ம வீட்ல இருக்கிறது வெளிய தெரிஞ்சா, நாமதான் புடிச்சு வச்சிருக்கோம்பாங்க. அதுக்கப்புறம் ஊரே எரிஞ்சுடும். எப்படியாவது கொண்டுபோயி விட்டுடு."

"மெயின் ரோட்ல போக முடியாதும்மா. வாய்க்கால் கரையால சுத்திக்கிட்டுப் போயி ஐஸ் ஃபேக்டரி பின்னால விடறேன்."

மர்யமின் பர்தாவை எடுத்துப் பிரதீபாவுக்கு மாட்டிவிட்டாள் அனீஸா. முகத்தை மறைத்து ஊக்குக் குத்தினாள். ரெக்கார்டு நோட்டைத் துணிக்குள் வைத்து அணைத்துக்கொண்டு பிரதீபா பைக்கில் ஏறினாள். பின்சந்து வழியாகத் தென்னந்தோப்புக்குள் நுழைந்து வாய்க்கால் கரையைப் பிடித்தார்கள். விதைத்திருந்த வயல்களில் அப்போதுதான் பச்சை தெரிந்தது. அந்த இடத்தில் போய்க்கொண்டிருக்கும்போதுதான் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சாயங்காலத் தொழுகைக்கு அழைக்கும் மக்ரிப் பாங்கு தொடங்கியது. மேளம் அதற்கு மேலே எழுந்து அடித்தது. பிறகு ஒரு பெரிய கூச்சல், பலபேர் ஒன்றாக ஓலமிட்டது போல. ஃபஹத் வண்டியை நிறுத்தித் திரும்பிப் பார்த்தான்.

"என்னண்ணே?"

"ஒண்ணுமில்ல. புடிச்சுக்க."

ஐஸ் ஃபேக்டரிக்குப் பின்னால் இறங்கி அவள் பர்தாவைக் கழற்றிக் கொடுத்தாள். அவன் அதைச் சுருட்டிப் பெட்ரோல் டேங்குக்கு மேலே வைத்துக்கொண்டான். "யார் கேட்டாலும் ஜெராக்ஸ் கடைக்குள்ள மாட்டிக்கிட்டேன்னு சொல்லு. எங்க வீட்டுக்கு வந்தேன்னோ என்கூட வந்தேன்னோ சொல்லிடாத. உனக்குத்தான் கெட்ட பேரு" என்றான். வந்த வழியே போய்விட்டான்.

அவள் குப்பத்துக்குள் நுழைந்தபோது எதிரே ஒரு கூட்டம் ஓடிவந்தது. நாலு பேர் ஒருவனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். முகம் முழுக்க ரத்தம். சட்டையைப் பார்த்துத்தான் அது ரஞ்சித் என்று தெரிந்துகொண்டாள்.

தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். உடைந்த சோடா பாட்டில். பாங்கு தொடங்கியதும் மேளத்தை நிறுத்தச் சொல்லி அந்தப் பக்கம் கத்தினார்கள், இந்தப் பக்கம் இன்னும் வேகமாக அடித்தார்கள், அந்த நொடியில்தான் பாட்டில் பறந்து வந்து விழுந்தது. கூட இருந்த எல்லாரும் இதை ஒரே மாதிரி சொன்னார்கள். எறிந்தது யார் என்பதைத்தான் ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி சொன்னார்கள்.

மூன்றாம் நாள் ஊர்வலக் கமிட்டியின் ராஜ்குமார் வார்டுக்கு வந்தான். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். கூட ஒரு போலீஸ்காரர் எழுதுவதற்குத் தாளோடு நின்றார். பிரதீபா கட்டில் ஓரத்தில் நின்று அண்ணனுக்கு ஆரஞ்சு ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"தம்பி, ஃபஹத்தானே?" என்று குனிந்து கேட்டான் ராஜ்குமார். "உனக்கும் அவனுக்கும் டீக்கடையில தகராறு ஆச்சுல்ல. அவன் எறிஞ்சதப் பாத்தேன்னு மூணு பேரு சொல்றாங்க. நீயும் பாத்தியில்ல?"

கட்டுப் போட்ட தலையோடு கிடந்த ரஞ்சித் ஒற்றைக் கண்ணால் போலீஸ்காரரின் தாளைப் பார்த்தான். பிறகு மெல்ல, ஆமென்று தலையை ஆட்டினான். போலீஸ்காரர் எழுதினார். பிரதீபாவின் கையில் டம்ளர் இருந்தது. வாய் திறக்க ஒரு கணம் போதும். அந்தக் கணம் அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடந்து போனது.

அன்று சாயங்காலம் வராந்தாவில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நீலாயதாட்சி முழுதும் கேட்கவில்லை. பாதியிலேயே மகளின் வாயைப் பொத்தினாள்.

"எங்க இருந்தேன்னு கேப்பாங்க, என்ன சொல்லுவ? எவன் வண்டியில வந்தேன்னு கேப்பாங்க, என்ன சொல்லுவ? பர்தா போட்டுக்கிட்டு வந்தேன்னு சொல்லுவியா? உங்கப்பா கடல்ல விழுந்து செத்துடுவாருடி. உள்ள ஒருத்தன் கண்ணு போயிக் கிடக்கறான்."

"ஃபஹத் அண்ணன் எறியலம்மா."

"எனக்குத் தெரியாதா?" என்றாள் அம்மா. "எட்டு வருஷமா அந்த வீட்டு டீயக் குடிச்சவடி நான். எனக்குத் தெரியாதா?" ஆனால் கையை எடுக்கவில்லை.

பதினொரு பேர்மேல் வழக்கு. ஃபஹத் முதல் எதிரி. அவனை மட்டும் குண்டர் சட்டத்தில் போட்டுத் திருச்சி ஜெயிலுக்குக் கொண்டுபோனார்கள். பத்து நாள் கழித்துப் பள்ளிக்கூடம் திறந்தபோது மர்யம் பெஞ்சு மாறி உட்கார்ந்திருந்தாள். யார் மாற்றினார்கள் என்று பிரதீபா கேட்கவில்லை. மதியம் சைக்கிள் ஸ்டாண்டு பக்கம் மர்யமே தேடி வந்தாள். முகம் கறுத்து, கண் உள்ளே போயிருந்தது.

"போலீஸ் அடிச்சதுல காக்காவுக்கு நடக்க முடியலயாம். வாப்பா பாத்துட்டு வந்து சோறே தின்னல." மர்யம் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "காக்கா உன் பேர எங்கயும் சொல்லக் கூடாதுங்குது. வக்கீல்கிட்டகூட. பொம்பளப்புள்ள பேரு, வெளிய வந்தா அதுக்கு வாழ்க்க போயிடும்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கிடுச்சு. நாங்க சொல்ல மாட்டோம்டி. ஆனா நீயா போயி சொன்னா ஒண்ணும் தப்பில்லயே. பாங்கு சொல்றப்ப எங்க இருந்தீங்கன்னு மட்டும் சொல்லு. அது போதும்."

பிரதீபா என்னவெல்லாமோ சொல்ல நினைத்தாள். வாயில் வந்தது ஒன்றுதான்.

"எங்கண்ணனுக்குக் கண்ணு போயிடுச்சுடி."

மர்யம் அவள் கையை விட்டாள். மணி அடித்ததும் போய்விட்டாள்.

நவம்பரில் கஜா புயல் அடித்தது. ஒரே ராத்திரியில் ஊரின் தென்னை பாதிக்குமேல் போனது. காயாரோகணத்தின் போட் இரண்டாக உடைந்து முள்காட்டுக்குள் கிடந்தது, வீட்டுக் கூரை இருந்த இடம் தெரியவில்லை. பள்ளிக்கூடத்து முகாம் நிரம்பி வழிந்ததால், குப்பத்துக் குடும்பங்கள் சிலவற்றை ஜமாத்துக் கல்யாண மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். வேறு போக்கிடம் இல்லாததால் போனார்கள். ரஞ்சித் வரமாட்டேன் என்று சொல்லி உடைந்த போட்டுக்குப் பக்கத்திலேயே தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கிடந்தான்.

மண்டபத்தில் பெரிய அண்டாவில் சோறும் பருப்பும் வெந்தன. பந்தியில் பரிமாறியவர்களில் ஷேக் பரீத்தும் ஒருவர். இரண்டு மாதத்தில் பத்து வயது கூடியவர் போல இருந்தார். காயாரோகணத்தின் இலைக்கு முன்னால் வந்ததும் நின்றார்.

"போட்டு ரொம்ப அடி வாங்கிடுச்சாமே காயாரோகணம்?"

காயாரோகணம் நிமிர்ந்து பார்க்கவில்லை. "உங்க வீட்டுப்புள்ள அடிச்ச அடிக்கு முன்னால இது ஒண்ணும் பெருசில்ல" என்றார். ஷேக் பரீத் சோற்றைப் போட்டுவிட்டு நகர்ந்தார். அடுத்த இலை பிரதீபாவுடையது. அவளுக்கும் போட்டார். "சாப்பிடும்மா" என்றார். அந்த மனிதருக்கு எல்லாம் தெரியும். தன் மகன் வண்டியில் வந்தவள் இவள்தான் என்று தெரியும். அவள் அப்பாவிடம் அதைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். அவர் சொல்லவில்லை. பிரதீபா அந்தச் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். பக்கத்தில் அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

புயலுக்குப் பிறகு அவளை மன்னார்குடியில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். பிளஸ் டூ அங்கே முடித்தாள். புயலுக்கு அடுத்த பிப்ரவரியில் ஷேக் பரீத் மாரடைப்பில் இறந்துபோனதைச் சித்தி போனில் யாரிடமோ பேசும்போது கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஃபஹத் போலீஸ் காவலோடு வந்து நான்கு மணி நேரம் இருந்துவிட்டுப் போனானாம். கைதாகி ஏழு மாதம் கழித்து அவனை வெளியே விட்டார்கள். விசா எப்போதோ காலாவதியாகியிருந்தது. குப்பத்து ஆட்கள் யாரும் வராததால் வலைக்கடை படுத்துவிட்டது. கடையையும் வீட்டையும் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு அனீஸா பிள்ளைகளோடு கூத்தாநல்லூர் போய்ச் சேர்ந்தாள். மர்யமின் பழைய நம்பருக்குப் பிரதீபா இரண்டு தடவை அழைத்தாள். இரண்டு தடவையும் மணி அடிக்கும் முன்பே தானே நிறுத்திவிட்டாள்.

லேப் டெக்னீஷியன் படித்து முடித்துத் தஞ்சாவூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். நடுவில் கொரோனா வந்தது, போனது. வழக்கு வாய்தா வாய்தாவாக நகர்ந்தது. ஏழாம் வருடம், கோடையில், ரஞ்சித் போன் செய்தான். அடுத்த மாதம் மன்னார்குடி கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டும், துணைக்கு நீ வா என்றான். அவள் அந்த ஞாயிற்றுக்கிழமையே ஊருக்குப் போனாள்.

ரஞ்சித் கடற்கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தான். ஒரு கண்ணோடு ஆழத்துக்குத் தொழிலுக்குப் போக அவனால் முடியவில்லை. தூரம் மட்டுப்படாமல் இரண்டு முறை தண்ணீருக்குள் விழுந்திருக்கிறான். பெண் பார்த்த இரண்டு இடமும் தட்டிப்போயிருந்தது. முப்பதை நெருங்கியவன் அடுத்தவர் வலையைப் பழுது பார்த்துப் பிழைத்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, பாட்டில் எறிஞ்சவன நீ பாத்தியா?"

"என்னடி திடீர்னு?"

"பாத்தியா, இல்லயா?"

"எல்லாரும்தான் பாத்தாங்க."

"நீ பாத்தியாண்ணே?"

அவன் வலையைக் கீழே வைத்தான். "இருட்டிக்கிட்டு வந்துச்சு. கூட்டமா இருந்துச்சு. அவன்தான்னு ராஜ்குமார் சொன்னாரு, அவன் அன்னிக்கே டீக்கடையில…" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டான்.

பிரதீபா மணலில் உட்கார்ந்து சொன்னாள். ரெக்கார்டு நோட்டு, பர்தா, வாய்க்கால் கரை, பாங்கு, ஐஸ் ஃபேக்டரி என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். அவன் குறுக்கே பேசாமல் கேட்டான். முடித்ததும் வலை ஊசியைக் கையில் எடுத்து, திரும்பக் கீழே போட்டான்.

"ஏழு வருஷம்" என்றான். "ஏழு வருஷமா தினம் காலையில மூஞ்சி கழுவுறப்ப அவன நெனச்சுக்குவேன். எங்கயோ ஒருத்தன் இதுக்குப் பதில் சொல்லிட்டு இருக்கான்னு ஒரு இது. இப்ப அதுவும் இல்லங்கறியா?"

"அந்த அண்ணன் என்ன தப்பு பண்ணுச்சு?"

"நான் என்னடி தப்பு பண்ணேன்?" என்று கத்தினான். பக்கத்துப் போட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "அவன் வீட்டாளுங்க ஊர விட்டு எங்கயோ போயி நல்லா இருக்காங்க. எனக்குக் கண்ணு திரும்ப வருமா? நீ அன்னிக்கே சொல்லியிருந்தா எனக்கும் அப்பவே தெரிஞ்சிருக்கும். இவ்வளவு நாள் விட்டுட்டு இப்ப வந்து சொல்றியே, நீயெல்லாம் ஒரு தங்கச்சியா?"

அவள் மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்துவிட்டாள். மறுவாரம் விசாரித்து, ஃபஹத்துக்காக வாதாடும் வக்கீல் எழில்மொழியைப் போய்ப் பார்த்தாள். நாற்பது வயதுக்காரி, கறாரான பேச்சு. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு பேனாவை மூடினாள்.

"என் கட்சிக்காரரு ஏழு வருஷமா என்கிட்ட ஒரே வார்த்தைதான் சொல்லுறாரு, நான் அங்க இல்லன்னு. எங்க இருந்தேன்னு கேட்டா வாயத் தெறக்க மாட்டாரு. இப்பத்தான் எனக்குப் புரியுது" என்றாள். "ஆனா ஒண்ணு. இவ்வளவு லேட்டா வர்ற சாட்சிய கோர்ட் சந்தேகமாத்தான் பாக்கும். அரசு வக்கீல் உங்களக் கிழிச்சுத் தொங்க விட்டுடுவாரு. தாங்குவீங்களா?"

"தாங்கறேன் மேடம்."

ரஞ்சித் கூண்டில் ஏறியபோது அவள் கோர்ட்டுக்குப் போகவில்லை. எழில்மொழி சொல்லித் தெரிந்துகொண்டாள். முதலில் ஃபஹத்தைக் கைகாட்டி, இவன்தான் என்றானாம். குறுக்கு விசாரணையில், ஆஸ்பத்திரியில் இந்தப் பெயரை முதலில் சொன்னது நீங்களா, வேறு யாராவதா என்று கேட்டபோது ஒரு நிமிஷத்துக்குமேல் பேசாமல் நின்றானாம். நீதிபதி இரண்டாம் தரம் கேட்ட பிறகு, "ராஜ்குமார் சொன்னாரு" என்றானாம்.

பிரதீபாவின் முறை ஆகஸ்டில் வந்தது. அன்று கோர்ட் வாசலில் அப்பா நின்றுகொண்டிருந்தார். யார் சொல்லி வந்தாரோ. அவளைப் பார்த்ததும் கிட்டே வந்தார்.

"உள்ள போனா, இனிமே குப்பத்துக்குள்ள கால் வைக்காத. நானும் உங்கம்மாவும் செத்தாலும் வராத" என்றார். சத்தம் போடவில்லை, கை ஓங்கவில்லை. சொல்லிவிட்டு அவளை ஒரு தரம் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபத்தைவிடக் கெஞ்சல்தான் இருந்தது. அவள் உள்ளே போனாள்.

எழில்மொழி சொன்னதையெல்லாம் அரசு வக்கீல் செய்தார். வயசுப் பெண் வீட்டில் பொய் சொல்லிவிட்டு எதற்காக அங்கே போனாள், படம் வரையவா, வேறு எதற்காவதா என்று கேட்டார். பர்தா போட்டுக்கொண்டு ஓர் இளைஞனின் பைக்கில் தோப்புக்குள் போனீர்களே, அதற்கு முன் எத்தனை தடவை போயிருக்கிறீர்கள் என்று கேட்டார். பின்னால் யாரோ சிரித்தார்கள். நீதிபதி அதட்டினார்.

"சொந்த அண்ணனுக்குக் கண் போயிருக்கு. எறிஞ்சவன் இவரில்லன்னு உங்களுக்குத் தெரியும். ஏழு வருஷமா ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"யாருக்குப் பயந்தீங்க?"

அவள் யோசித்தாள். அப்பாவை, ஊரை, ராஜ்குமாரை என்று எதையாவது சொல்லியிருக்கலாம். "யாரும் என்னை மிரட்டல. நானாத்தான் சொல்லல" என்றாள். எதிரிகள் வரிசையில் ஃபஹத் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. முன்நெற்றி வழுக்கை விழுந்து, உடம்பு பெருத்து, வேறு யாரோ போல இருந்தான்.

வெளியே வந்து வாசலைப் பார்த்தாள். அப்பா போய்விட்டிருந்தார். வேப்பமரத்தடியில் சிமெண்ட் பெஞ்சில் மர்யம் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு வயதுப் பெண் குழந்தை பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. கல்யாணமாகிச் சென்னையில் இருக்கிறாள் என்று பிரதீபாவுக்குத் தெரியும். பார்ப்பது ஏழு வருடத்தில் முதல் தடவை.

"மர்யம்."

"வாங்க" என்றாள் மர்யம். "உக்காருங்க."

பிரதீபா உட்காரவில்லை. "என்னடி, வாங்கங்கற?"

மர்யம் குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டாள். "எப்படிக் கூப்பிடறதுன்னு தெரியல. வாயில அதுதான் வந்துச்சு." பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "உள்ள அவங்க கேட்டதெல்லாம் காதுல விழுந்துச்சு. ரொம்பக் கேவலமா கேட்டாங்க."

"அது போகட்டும்."

"வாப்பா ஜனாஸாவுக்குக் காக்காவைக் கூட்டிட்டு வந்தாங்க. கையில விலங்கு. வாப்பாவுக்கு மண்ணு போடறப்ப மட்டும்தான் அவுத்து விட்டாங்க. போறப்ப என்னக் கூப்பிட்டு, அந்தப் புள்ள பேரு எங்கயும் வரலயில்லன்னு கேட்டுச்சு. வாப்பா செத்துக் கிடக்காரு, அது அப்பவும் உன்னப் பத்தித்தான் கேட்டுச்சு." குரல் ஏறி, அவளே தணித்துக்கொண்டாள். "எனக்கு அன்னிக்கு உன்மேல வந்த ஆத்திரம் அந்தப் போலீஸ்மேலகூட வரல."

"மன்னிச்சுடுடி."

"காக்கா எப்பவோ மன்னிச்சிருச்சு. உம்மா தொழுவுறப்ப உனக்காகவும் துவா கேக்கறாங்க, என் காதுபடவே." மர்யம் எழுந்து குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். "எனக்குத்தான் வரல. வரணும்னு பாக்கறேன், வர மாட்டேங்குது. பொய் சொல்லி உன்னக் கட்டிப்புடிக்க எனக்குத் தெம்பு இல்ல."

குழந்தை பிரதீபாவைப் பார்த்துக் கையை நீட்டியது. மர்யம் அந்தக் கையை மெதுவாக மடக்கித் தன் தோளில் சேர்த்துக்கொண்டு காக்கா நிற்கும் பக்கம் நடந்தாள். நாலு எட்டு போனதும் திரும்பி, "பஸ்ஸு மூணு மணிக்கு இருக்கு. சாப்பிட்டுப் போங்க" என்றாள்.

தீர்ப்பு நவம்பரில் வந்தது. ஃபஹத்தையும் மற்ற பத்து பேரையும் விடுதலை செய்துவிட்டார்கள். எழில்மொழி மத்தியானம் போன் செய்து சொன்னபோது பிரதீபா ரத்த மாதிரிக் குழாய்களுக்குப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். "சந்தோஷம் மேடம்" என்று சொல்லிவிட்டு மிச்சக் குழாய்களுக்கும் ஒட்டி முடித்தாள். குப்பத்திலிருந்து யாரும் அவளோடு பேசி மூன்று மாதமாகியிருந்தது. அம்மா மட்டும் யார் போனிலிருந்தாவது எப்போதாவது கூப்பிட்டு, சாப்பிட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவாள்.

அன்று சாயங்காலம், வேலை முடித்துப் புதிய பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்துகொண்டிருந்தபோது ரஞ்சித்தின் நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தாள். அந்தப் பக்கம் காற்று இரைந்தது, யாரோ எஞ்சினைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

"அண்ணே?"

"எல்லாரையும் விட்டுட்டாங்களாம்" என்றான்.

"ஆமாண்ணே."

"அப்ப எறிஞ்சது யாரு?"

அவள் கடை ஓரமாக ஒதுங்கி நின்றாள். "தெரியலண்ணே."

"அங்க முந்நூறு பேரு நின்னாங்க. ஒருத்தனுக்காவது தெரிஞ்சிருக்கும்ல?"

"தெரிஞ்சிருக்கும்."

"சொல்ல மாட்டான், இல்ல?"

பிரதீபா போனை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை. இரண்டு பேரும் அப்படியே, அவன் கடற்கரையிலும் அவள் தஞ்சாவூர்த் தெருவிலும், காதில் போனை வைத்துக்கொண்டு நின்றார்கள்.